சேலத்தில் ஆட்டோகிராஸ் பழக நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலம், ஓமலூர், ஆத்தூர், சங்ககிரி பக்கம் கார் ஓட்டுவதில் ஆர்வமுள்ள இளைஞர்களும், அவர்களுடைய வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. போட்டியில் பரிசு வாங்குவதைப் பற்றி இதில் அதிகம் இல்லை. சாதாரண வண்டியை வைத்துக்கொண்டு, யாருக்கும் ஆபத்தில்லாமல், நாளுக்கு நாள் நன்றாக ஓட்டப் பழகுவது எப்படி என்பதே இதன் விஷயம்.

ஆட்டோகிராஸ் என்றால் என்ன? ரேஸ் மாதிரி பக்கத்தில் பக்கத்தில் ஓட்டுவதா?

இல்லை. பெரிய காலி இடத்தில் கோன்களை வைத்து ஒரு பாதை போடுவார்கள். ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் ஓடும். கடிகாரத்தோடுதான் போட்டி. ஒரு ரன் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்கு முன்னே பின்னே முடிந்துவிடும். கோனைத் தட்டினால் நேரம் கூட்டப்படும். அமெரிக்காவில் எஸ்சிசிஏ என்ற கார் விளையாட்டுச் சங்கம் நடத்தும் போட்டிகளில் ஒரு கோனுக்கு 2 வினாடி. பாதையையே தவறவிட்டால் அந்த ரன் கணக்கில் வராது. நம் ஊரில் கணக்கு போட்டிக்குப் போட்டி மாறலாம். அன்றைய விதித்தாளை வாங்கி முழுதாகப் படித்துவிடுங்கள்.

இந்தியாவில் மோட்டார் விளையாட்டுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு எஃப்எம்எஸ்சிஐ. தார்த் தரை, சிமெண்ட் தரை, மண் தரை எல்லாவற்றிலும் ஆட்டோகிராஸ் நடக்கிறது. சாதாரண காரில் பெரும்பாலும் இரண்டாம் கியரிலேயே பாதை முடிந்துவிடும். வேகமானி காட்டும் எண் பெரிதாக இருக்காது. வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் எல்லாமே மளமளவென்று நடப்பதுபோல் இருக்கும்.

ஏற்காடு மலைப்பாதை பக்கத்திலேயே இருக்கிறதே. 20 கொண்டை ஊசி வளைவு. அங்கே விடியற்காலையில் பழகினால் என்ன?

வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

முதலில் சட்டம். பொது இடத்தில் அரசின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் ரேஸ் ஓட்டுவதும் வேகச் சோதனை செய்வதும் மோட்டார் வாகனச் சட்டம் 189ஆம் பிரிவின்படி குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கே 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அடுத்த தடவைக்கு ஒரு வருடம் வரை போகலாம்.

சட்டத்தை விடுங்கள், அந்தப் பாதையைப் பாருங்கள். வளைவில் திரும்பும் பஸ்ஸுக்கு முழு ரோடும் வேண்டும். அது மேலேயிருந்து வருகிறதா இல்லையா என்பது வளைவுக்குள் போன பிறகுதான் தெரியும். விடியற்காலையில் பனிமூட்டம் இருக்கும். குரங்குகள் சுவரிலிருந்து ரோட்டுக்கு இறங்கும். காட்டெருமைகளும் உள்ள மலை அது. பால் வண்டியும், எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்களின் டூவீலரும் அந்த நேரத்தில்தான் நகரும். அவர்கள் யாரும் உங்கள் பயிற்சிக்குச் சம்மதம் தரவில்லை.

மூன்றாவது காரணத்தைத்தான் பலர் யோசிப்பதில்லை. மலைப்பாதை நீங்கள் கற்க வேண்டியதைக் கற்றுத் தராது. டயர் பிடிப்பை விடும் அந்தக் கோடு எங்கே இருக்கிறது, அதைத் தொட்டால் வண்டி என்ன செய்கிறது, அதிலிருந்து எப்படித் திரும்பி வருவது என்பதுதான் ஆட்டோகிராஸ் பாடம். ஒரு பக்கம் பாறையும் மறு பக்கம் பள்ளமும் இருக்கும் இடத்தில் அந்தக் கோட்டைத் தொடவே முடியாது, தொடவும் கூடாது. ஒரே வளைவை உடனே மறுபடி ஓட்டிப் பார்க்கவும் முடியாது. மிஞ்சுவது அவசரப் பழக்கம்தான். மைதானத்துக்கு வந்ததும் அந்த அவசரத்தைக் கழற்றவே பல நாள் ஆகும்.

அப்படியென்றால் மலைப்பாதையில் எதையுமே பழக முடியாதா?

முடியும், சாதாரண வேகத்தில். ஏற்காட்டுக்குப் போகும்போது பாதி குடும்பத்துக்குத் தலைசுற்றல் வரும். பின் சீட்டில் இருப்பவருக்குக் குமட்டல் வராமல் அடிவாரத்திலிருந்து மேலே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். பிரேக்கை மெதுவாகத் தொட்டு, அழுத்தி, மெதுவாக விட வேண்டும். ஸ்டியரிங்கை ஒரே ஓட்டமாகச் சுற்றி ஒரே ஓட்டமாக நேராக்க வேண்டும். வளைவுக்கு முன்பே கியரை மாற்றி முடித்திருக்க வேண்டும். வேகமாக ஓட்டுபவரின் கையிலும் காலிலும் இருக்கும் பதம் இதேதான்.

இறங்கும்போது ஏறின அதே கியரில், இன்ஜின் இழுவையில் இறங்குங்கள். ஏறிவரும் வண்டிக்கு வழி விடுங்கள். அடிவாரத்தில் பிரேக் தீய்ந்த வாடை அடித்தால் பிரேக்கிலேயே இறங்கியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். அடுத்த பயிற்சிக்கு முன் பிரேக் பேடையும் பிரேக் ஆயிலையும் மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.

சரி, எங்கேதான் பழகுவது?

தனியாருக்குச் சொந்தமான, பொதுமக்கள் உள்ளே வராத, வாசலை அடைக்கக்கூடிய இடம் வேண்டும். சட்டத்தில் பொது இடம் என்பது ரோடு மட்டும் இல்லை. மக்கள் உரிமையோடு வந்துபோகும் எந்த இடமும் அதில் அடங்கும். ஆகவே ஊர்க் கிரவுண்டு, ஏரிக்கரை, புது லே-அவுட் ரோடு எதுவும் சரிவராது. லே-அவுட்டில் கரண்ட் கம்பமும் எல்லைக்கல்லும் வேறு நிற்கும்.

எனக்குப் பிடித்தது பைபாஸ் ஓரத்துக் கல்யாண மண்டபங்களின் பார்க்கிங். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது, இடம் சும்மாவே கிடக்கும். உரிமையாளரை நேரில் பார்த்து, என்ன செய்யப் போகிறோம், எத்தனை வண்டி, எத்தனை மணி வரை என்று மறைக்காமல் சொல்லி, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தனியார் கல்லூரி வளாகங்களிலும் கேட்கலாம், விடுமுறை நாளில். எங்கே பழகினாலும் காலையிலேயே தொடங்கி, பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.

ஒரே ஒரு வேண்டுகோள். நம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளில் பெரிய சிமெண்ட் களம் இருக்கும். பார்த்தால் ஆசையாக இருக்கும். அது உணவு காய்கிற இடம். டயர்க் கரியும் ஆயிலும் படக்கூடாது. கேட்கவே கேட்காதீர்கள்.

இடத்தை முழுக்க நடந்து பாருங்கள். விளக்குக் கம்பம், சாக்கடை மூடி, சிமெண்ட் திட்டு, உதிரி ஜல்லி, ஆயில் கறை. கோன் பாதைக்கும் நகராத எந்தப் பொருளுக்கும் நடுவே குறைந்தது 10 மீட்டர் காலியாக இருக்கட்டும். வட்டப் பயிற்சிக்கு மட்டும் என்றால் 60 மீட்டருக்கு 60 மீட்டர் போதும். ஸ்லாலம் (வரிசையாக வைத்த கோன்களுக்கு நடுவே இடமும் வலமுமாக வளைந்து ஓட்டுவது) போட்டு பிரேக் அடித்து நிற்கவும் இடம் வேண்டுமென்றால் நீளவாக்கில் 120 மீட்டராவது வேண்டும்.

உண்மையான டிராக்கைத் தொட ஆசைப்பட்டால் கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. நீளம் சுமார் 2.1 கிலோமீட்டர். கோவையின் கார் பந்தய ஓட்டுநர் கரிவர்தன் நினைவாக அந்தப் பெயர். சேலத்திலிருந்து காலையில் கிளம்பி இரவு திரும்பிவிடலாம். ஆனால் தொடக்கத்தில் உங்களுக்குத் தேவை டிராக் இல்லை, கோன்தான்.

என்னிடம் இருப்பது வீட்டு உபயோகத்துக்கான பழைய ஸ்விஃப்ட். இது போதுமா?

தாராளமாகப் போதும். ஆல்டோ, ஐ10, பலேனோ, போலோ எதுவாக இருந்தாலும் சரி. சக்தி குறைந்த வண்டியில்தான் ஓட்டுநரின் தவறு வெளிச்சமாகத் தெரியும். வளைவில் இழந்த வேகத்தை ஆக்ஸிலரேட்டரால் மூடி மறைக்க முடியாது. மாருதி எஸ்டீமை வைத்துக்கொண்டே ஒரு காலத்தில் இந்திய மோட்டார் விளையாட்டில் பலர் பேர் எடுத்தார்கள்.

உயரமான வண்டியைக் கொண்டுவராதீர்கள். பொலேரோ, ஸ்கார்பியோ, ஆம்னி போன்றவற்றில் எடை மேலே நிற்கிறது. ஸ்லாலத்தில் சட்டென்று இரு பக்கமும் திருப்பும்போது கவிழ வாய்ப்பு அதிகம்.

முதலில் என்ன மாற்ற வேண்டும்? சஸ்பென்ஷனா, டயரா, எக்ஸாஸ்டா?

எதையும் மாற்றாதீர்கள். காசு கையில் இருந்தால் இந்த வரிசையில் செலவு செய்யுங்கள்: தலைக்குச் சரியாகப் பொருந்தும் நல்ல ஹெல்மெட், சொந்தமாக ஒரு காற்று அழுத்தமானி, புது பிரேக் ஆயில், கோன். அப்புறம் பெட்ரோல்.

பிரேக் ஆயிலை ஏன் சொல்கிறேன் என்றால், அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 என்ற வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த எல்லை 155 டிகிரியாக இறங்கிவிடும். கொதித்தால் குழாய்க்குள் குமிழி வரும், பெடல் தரை வரை போகும். மாற்றி எத்தனை வருடம் ஆயிற்று என்று ஞாபகமில்லை என்றால் முதல் வேலை அதுதான்.

கோன் மிருதுவான வகையாக இருக்கட்டும், பெயின்ட் தப்பிக்கும். செங்கல், கல், மணல் மூட்டை எதையும் கோனுக்குப் பதிலாக வைக்காதீர்கள்.

நல்ல டயர் வித்தியாசம் தரும், மறுக்கவில்லை. ஆனால் சாதாரண டயர் பிடிப்பை விடுவதற்கு முன் கீச்சென்று கத்தி எச்சரிக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பழகுவதே பெரிய படிப்பு. இருக்கிற டயர் தேயட்டும், பிறகு யோசிக்கலாம்.

எப்படி உட்கார வேண்டும்?

இடுப்பை சீட்டின் அடிவரை தள்ளி உட்காருங்கள். கிளட்சை முழுக்க மிதித்த பிறகும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும். தோள் சீட்டை விட்டு எழாமல் கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியில் படிய வேண்டும். கைகள் கடிகாரத்தின் 9, 3 இருக்கும் இடத்தில். கியர் மாற்றிய கை உடனே ஸ்டியரிங்குக்குத் திரும்ப வேண்டும். கியர் கட்டை மேல் கையை ஓய்வாக வைத்திருக்கும் பழக்கம் நம்மில் நிறையப் பேருக்கு உண்டு. செருப்போடு ஓட்டக் கூடாது. மெல்லிய அடிப்பாகம் உள்ள ஷூதான்.

எல்லோரும் ‘தூரமாகப் பார், தூரமாகப் பார்’ என்கிறார்கள். கோன் இங்கே இருக்கும்போது எப்படித் தூரமாகப் பார்ப்பது?

இதுதான் மொத்தப் பாடமும். மற்றதெல்லாம் இதற்குப் பிறகு தானாக வந்து சேரும்.

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி வினாடிக்கு 11 மீட்டர் போகிறது. பக்கத்துக் கோனை அரை வினாடி உற்றுப் பார்த்தால் ஐந்தரை மீட்டர் போய்விட்டது. அந்தக் கோனைப் பற்றி நீங்கள் இனி எடுக்கும் எந்த முடிவும் காலதாமதம். அதைத் தாண்டுவதற்கான திருப்பத்தை முன்பே கொடுத்தாயிற்று, கை அதைச் செய்துகொண்டிருக்கிறது. கண் அதற்கு அடுத்ததற்கு, முடிந்தால் அதற்கும் அடுத்ததற்குப் போயிருக்க வேண்டும். பக்கத்துக் கோன் ஓரப்பார்வையில் தெரிந்தால் போதும்.

எதைப் பார்க்கிறோமோ கை அந்தப் பக்கம்தான் போகும். கோனைத் தட்டிவிடுவோமோ என்று அதையே பார்த்தால் தட்டிவிடுவோம்.

பழகுவதற்கு ஒரு வழி சொல்கிறேன். பயிற்சியின்போது ஓட்டிக்கொண்டே வாய்விட்டுச் சொல்லுங்கள்: இப்போது கண் எந்தக் கோனில் இருக்கிறது என்று. ‘மூணு’, ‘நாலு’, ‘கேட்’ (இரண்டு கோனுக்கு நடுவே நுழையும் வழி), ‘கடைசி’. பக்கத்தில் அனுபவமுள்ள ஒருவர் உட்கார்ந்து கேட்கட்டும். வண்டி இரண்டாம் கோனைத் தாண்டும்போது நீங்கள் ‘ரெண்டு’ என்று சொன்னால் கண் பின்தங்கிவிட்டது. ‘நாலு’ என்று சொல்லும் வரை வேகத்தைக் கூட்டாதீர்கள். கூர்மையான வளைவில் பார்வை முன் கண்ணாடியைத் தாண்டிப் பக்கத்து ஜன்னல் வழியாகப் போக வேண்டும். கழுத்தைத் திருப்பாமல் அது நடக்காது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதே இதைப் பழகலாம். ஐந்து ரோடு சிக்னலில் திரும்பும்போது, முன்னால் நிற்கும் வண்டியின் பம்பரை விட்டுவிட்டு, திரும்பிப் போகப்போகும் ரோட்டைப் பாருங்கள்.

போட்டி நாளில் பாதையை நடந்து பார்ப்பது அவ்வளவு முக்கியமா?

ரொம்ப முக்கியம். மேலேயிருந்து பார்க்கும் வரைபடம் மட்டும் போதாது. கோன் காடு வண்டிக்குள்ளிருந்து வேறு மாதிரி தெரியும்.

முதல் நடை, பாதை எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ள மட்டும். நண்பர்களோடு பேசிக்கொண்டே போகலாம். அடுத்த நடை தனியாக. வண்டி போகப்போகும் கோட்டிலேயே நடங்கள். ஓரமாக நடந்தால் பார்வைக் கோணம் மாறிவிடும். முக்கியமான இடங்களில் உட்கார்ந்து, சீட்டிலிருந்து தெரியும் உயரத்தில் பாருங்கள். நின்றுகொண்டு பார்க்கும்போது தெளிவாகத் தெரிந்த வழி, உட்கார்ந்ததும் கோன்களுக்கு நடுவே காணாமல் போகும். அங்கேதான் ஓட்டும்போது வழி தவறும். அந்த இடத்துக்குப் பின்னால் ஒரு மரம், ஒரு ஷட்டர், ஏதாவது ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எந்த வளைவு நீண்ட நேர் பாதைக்குப் போய்ச் சேர்கிறது என்று தேடுங்கள். அந்த வளைவில் சீக்கிரம் வேகத்தைக் குறைத்து, வண்டியை முதலிலேயே திருப்பி முடித்து, முன்னதாக ஆக்ஸிலரேட்டரை அழுத்த வேண்டும். அங்கே கிடைத்த வேகம் அந்த நேர் பாதை முழுக்கக் கூட வரும். கடைசியாக, கண்ணை மூடி முழுப் பாதையையும் மனதில் ஓட்டுங்கள். எங்காவது படம் நின்றால் மறுபடி அந்த இடத்துக்கு நடங்கள்.

ஸ்லாலத்தில் முதல் இரண்டு கோன் நன்றாகப் போகிறது. நான்காவதில் வண்டி அகலமாகப் போய்விடுகிறது. ஏன்?

முதல் கோனிலேயே தாமதம் தொடங்கிவிட்டது, நான்காவதில்தான் வெளியே தெரிகிறது. கோனின் பக்கவாட்டுக்கு வந்த பிறகு திருப்ப ஆரம்பிக்கிறீர்கள். கோனைத் தாண்டும் நேரத்தில் வண்டி ஏற்கெனவே அடுத்த பக்கம் திரும்பிக்கொண்டிருக்க வேண்டும். அதாவது கோனுக்கு முன்பே திருப்பிவிட்டு, பின் டயர் கோனை உரசுகிற மாதிரி ஒட்டிப் போக வேண்டும்.

18 மீட்டர் இடைவெளியில் கோன் இருந்து 45 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒரு கோனுக்கும் அடுத்ததற்கும் ஒன்றரை வினாடிகூட இல்லை. முதல் கோனுக்கு நுழையும் வேகத்தைக் கொஞ்சம் குறையுங்கள். ஆக்ஸிலரேட்டரை விட்டு விட்டு அழுத்தாமல் ஒரே நிலையில் வைத்திருங்கள். கை நிதானமாகப் போய் வரட்டும்.

பிரேக் எப்படிப் பழகுவது?

நேர் பாதையில் ஒரு கோன் வையுங்கள். 40 கிலோமீட்டரில் வந்து அந்தக் கோனில் பிரேக் அடித்து நில்லுங்கள். எங்கே நின்றீர்கள் என்று சாக்பீஸால் கோடு போடுங்கள். நல்ல உலர்ந்த தரையில், சாதாரண டயரில், சுமார் 8 மீட்டருக்குள் நிற்க முடியும். தொடக்கத்தில் பலரும் அதைவிட ரொம்பத் தள்ளித்தான் நிற்பார்கள், ஏனென்றால் ரோட்டில் யாரும் முழுப் பிரேக்கை அடித்துப் பழகுவதில்லை. பிறகு 50 கிலோமீட்டரில் வாருங்கள். வேகம் கால்பங்கு கூடினால் நிற்கும் தூரம் பாதிக்கு மேல் கூடிவிடும், சுமார் 12 மீட்டர் ஆகும். புத்தகத்தில் படித்ததைவிட தரையில் அந்த இரண்டு கோடுகளையும் பார்த்தால் மனதில் நிற்கும்.

ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக் அமைப்பு) உள்ள வண்டியில் பெடல் கடகடவென்று அதிரும். பயந்து காலை எடுக்காதீர்கள். ஏபிஎஸ் இல்லாத வண்டியில் சக்கரம் பூட்டிக்கொள்வதற்குச் சற்று முன்வரை அழுத்தப் பழக வேண்டும். பூட்டிய முன் சக்கரம் திரும்பாது.

நேராகப் பிரேக் அடிக்கக் கை பழகிய பிறகே, திருப்பிக்கொண்டே பிரேக்கை மெல்ல விடும் வித்தைக்குப் போகலாம். டயரிடம் இருக்கும் பிடிப்பு ஒரே ஒரு கையிருப்பு. பிரேக்குக்கு முழுதும் செலவழித்துவிட்டால் திருப்ப எதுவும் மிஞ்சாது. ஸ்டியரிங்கைத் திருப்பத் திருப்ப, அதே அளவுக்குப் பிரேக்கை விட்டுக்கொண்டே வர வேண்டும்.

ஒரே ஒரு பயிற்சிக்குத்தான் இடமும் நேரமும் இருக்கிறது என்றால் எதைச் செய்வது?

வட்டம். நடுவில் ஒரு கோன், அதிலிருந்து 15 மீட்டர் கயிற்றை வைத்துச் சுற்றிலும் கோன்கள். இரண்டாம் கியரில் மெதுவாகச் சுற்ற ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் கூட்டுங்கள். 35 முதல் 40 கிலோமீட்டருக்குள் டயர் கத்த ஆரம்பிக்கும். ஒரு சுற்றுக்கு 9 வினாடி அளவில் வரும். அந்த இடத்தில் நின்று விளையாடுங்கள். முன் சக்கர இழுவை உள்ள வண்டியில் இன்னும் ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் வண்டி வட்டத்தை விட்டு வெளியே போகும். ஸ்டியரிங்கை இன்னும் திருப்பினாலும் திரும்பாது. இதுதான் அண்டர்ஸ்டியர். காலைக் கொஞ்சம் எடுங்கள், மூக்கு உள்ளே வரும். சட்டென்று முழுக்க எடுத்தால் பின்பக்கம் வெளியே நகரப் பார்க்கும்.

நம் வண்டிகள் பெரும்பாலும் முன் சக்கர இழுவைதான். பின்பக்கம் நகரும்போது பயத்தில் பிரேக் அடித்தால் சுழற்சி கூடும். போக வேண்டிய திசையைப் பார்த்து, ஸ்டியரிங்கை அந்தப் பக்கம் திருப்பி, மிதமாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் நேராகிவிடும். வண்டி வழுக்குவதைத் தானாகக் கட்டுப்படுத்தும் இஎஸ்பி இருந்தால் அதை அணைக்காமலே தொடங்குங்கள். இரண்டு திசையிலும் சுற்றுங்கள், எல்லோருக்கும் ஒரு பக்கம் பலவீனமாகத்தான் இருக்கும்.

டயரில் எவ்வளவு காற்று வைப்பது?

ஓட்டுநர் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அளவிலிருந்து தொடங்குங்கள். டயரின் ஓரத்தில், தரையில் படும் பகுதியும் பக்கச் சுவரும் சேரும் இடத்தில் சிறிய முக்கோணக் குறி இருக்கும். அந்த இடத்தில் சாக்பீஸால் குறுக்காகப் பட்டையாக ஒரு கோடு போடுங்கள், நான்கு டயரிலும், டயருக்கு மூன்று இடத்தில். ஒரு ரன் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கோடு முக்கோணத்தின் நுனி வரை அழிந்திருந்தால் சரி. அதையும் தாண்டிப் பக்கச் சுவர் வரை அழிந்திருந்தால் டயர் மடங்கி உருள்கிறது, 2 பிஎஸ்ஐ கூட்டுங்கள். முக்கோணத்துக்கு ரொம்ப உள்ளேயே கோடு தப்பித்திருந்தால் காற்று அதிகம். முன் டயரில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். பக்கச் சுவரில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவை மட்டும் தாண்டக் கூடாது.

சேலம் வெயிலை மறந்துவிடாதீர்கள். வெப்பம் ஐந்து டிகிரி சொச்சம் கூடினால் சுமார் 1 பிஎஸ்ஐ கூடும். காலை ஏழு மணிக்கு வைத்த காற்று சித்திரை மாதப் பதினோரு மணிக்கு அதே அளவில் இருக்காது. ஓட்டுவதால் ஏறும் சூடு தனிக் கணக்கு. ஒவ்வொரு ரன்னுக்கும் பிறகு அளந்து எழுதுங்கள்.

மண் தரையில் பழகலாமா?

பழகலாம், குறைந்த வேகத்திலேயே வண்டி வழுக்கும் என்பதால் கட்டுப்பாடு கற்க மிக நல்ல இடம். ஆனால் கைப்பக்குவம் வேறு. உதிரி மண்ணில் ஏபிஎஸ் வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கும். முன்கூட்டியே திருப்ப ஆரம்பிக்க வேண்டும். ஏர் ஃபில்டரை அன்றைக்கே சுத்தம் செய்யுங்கள்.

ஏற்காட்டில் ஓட்டும்போது வண்டி மந்தமாகத் தோன்றுகிறது. இன்ஜின் கோளாறா?

பெரும்பாலும் இல்லை. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், சேலம் 300 மீட்டருக்கும் கீழே. மேலே காற்றின் அடர்த்தி குறைவு. டர்போ இல்லாத இன்ஜின் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சக்தியை இழக்கும். கீழே இறங்கியும் மந்தமாக இருந்தால் மெக்கானிக்கைப் பாருங்கள்.

கம்ப்யூட்டர் சிமுலேட்டர், கார்ட்டிங் உதவுமா?

கார்ட்டிங் நிச்சயம் உதவும். எடை குறைவு, கையும் காலும் செய்வதற்கு உடனே பதில் வரும். சிமுலேட்டர் கண்ணுக்கும் பாதையை மனப்பாடம் செய்வதற்கும் நல்லது. இடுப்பில் உணரும் அந்த நகர்வை மட்டும் அது தராது.

பல மாதமாகப் பழகுகிறேன். நேரம் குறையவே மாட்டேன் என்கிறது.

ஒரு ரன்னுக்கு ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறீர்களா என்று பாருங்கள். ‘இந்தத் தடவை வேகமாக’ என்று கிளம்பினால் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் கெட்டுப்போகும். ‘இந்தத் தடவை கடைசி வளைவில் பிரேக்கை ஒரு வண்டி நீளம் முன்னதாக’ என்று கிளம்பினால், முடிவில் அது உதவியதா இல்லையா என்று தெரிந்துவிடும். ரன் முடிந்ததும் போனை எடுக்காதீர்கள். முதலில் நோட்டில் எழுதுங்கள்: எங்கே டயர் கத்தியது, எங்கே கண் பின்தங்கியது, எங்கே காத்திருந்தது போல் இருந்தது. காத்திருந்த இடத்தில்தான் நேரம் ஒளிந்திருக்கிறது.

உங்களைவிட நன்றாக ஓட்டுபவரை உங்கள் வண்டியிலேயே ஒரு ரன் ஓட்டச் சொல்லி, விதி அனுமதித்தால் பக்கத்தில் உட்காருங்கள். அதே வண்டி, அதே டயர், பல வினாடி வித்தியாசம் வரும். வண்டியைப் பற்றிய சாக்கு எல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

களைப்பு வந்தால் நிறுத்திவிடுங்கள். மதிய வெயிலில் கவனம் சிதறிய பிறகு ஓட்டும் ரன்னில் கெட்ட பழக்கம்தான் படியும்.

என் மகளுக்கு 16 வயது. கார் ஓட்ட ரொம்ப ஆசைப்படுகிறாள். அனுப்பலாமா?

ஆசையைத் தடுக்காதீர்கள் அம்மா. கார் லைசென்ஸுக்கு 18 வயது ஆக வேண்டும். அதுவரை கார்ட்டிங்கில் சேர்த்துவிடுங்கள். பாப்பாவை மைதானத்துக்கும் அழைத்து வாருங்கள். கோன் எடுத்து வைக்கவும் நேரம் குறிக்கவும் ஆள் எப்போதும் தேவை, அங்கே நின்று பார்த்தே நிறையக் கற்றுக்கொள்ளலாம். இந்த விளையாட்டில் உடல் பலத்துக்கு வேலை குறைவு. பெண்கள் தாராளமாக வரலாம், வருகிறார்கள்.

பயிற்சியில் வண்டி அடிபட்டால் இன்சூரன்ஸ் கிடைக்குமா?

சாதாரண கார் பாலிசியில் ரேஸ், வேகச் சோதனை போன்ற உபயோகம் விலக்கப்பட்டிருக்கும். உங்கள் பாலிசியில் ‘உபயோக வரம்பு’ என்ற பகுதியைப் படியுங்கள். செலவு உங்கள் கையிலிருந்துதான் என்று முடிவு செய்துகொண்டே இறங்க வேண்டும். கடன் தவணை கட்டிக்கொண்டிருக்கும் புது வண்டியைக் கொண்டுவர நான் சொல்ல மாட்டேன்.

போட்டிக்குக் கிளம்புமுன் வண்டிக்குள் என்ன பார்க்க வேண்டும்?

உதிரியாக எதுவும் இருக்கக் கூடாது. தண்ணீர் பாட்டில் உருண்டு பிரேக் பெடலுக்கு அடியில் போனால் கதை முடிந்தது. தரை விரிப்பை எடுத்துவிடுங்கள். ஸ்டெப்னி, ஜாக்கி, கோயில் பிரசாதப் பை, டிக்கியில் உள்ள குடை எல்லாம் இறங்கட்டும். டாஷ்போர்டுப் பிள்ளையாரையும் பத்திரமாக எடுத்து வையுங்கள், வெயிலில் பசை இளகியிருக்கும். வீல் போல்ட்டுகள் சரியான இறுக்கத்தில் உள்ளனவா, பேட்டரி அசைகிறதா, சீட் பெல்ட் பிடிக்கிறதா பாருங்கள். டேங்கை விளிம்பு வரை நிரப்ப வேண்டாம், அடிமட்டத்திலும் வேண்டாம். நீண்ட வளைவில் பெட்ரோல் ஒதுங்கி இன்ஜின் திணறும்.

போட்டி முடிந்து அதே வண்டியில் சேலம் திரும்பலாமா?

திரும்பலாம், பெரும்பாலோர் அப்படித்தான் வருகிறார்கள். கடைசி ரன் முடிந்ததும் ஹேண்ட் பிரேக்கை இழுக்காதீர்கள், சூடான பிரேக்கில் ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டு, சக்கரத்துக்கு அண்டை கொடுத்து ஆற விடுங்கள். வீல் போல்ட்டை மறுபடி பாருங்கள். டயரின் உள்பக்கத்தில் வெட்டு, புடைப்பு இருக்கிறதா என்று கை வைத்துத் தடவுங்கள். பெடல் முன்பைவிடத் தாழ்ந்து போனால் ஓட்ட வேண்டாம், வண்டியை ஏற்றிக்கொண்டு வரலாம்.

வெயிலில் நாள் முழுக்க நின்ற உடம்பு ராத்திரியில் தூங்கிவிடும். கோவையிலிருந்து வரும் ரோட்டில் பவானி, சங்ககிரி வரை லாரி ஓட்டம் அதிகம். கண் சொக்கினால் வெளிச்சமுள்ள பெட்ரோல் பங்கில் ஓரம் கட்டித் தூங்கிவிட்டு வாருங்கள். மறுநாள் காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றைக் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்குத் திருப்பி வைத்துவிடுங்கள்.